சிறுநீரகத்துக்கு எத்தனை ரத்தக்குழாய்? தானம் கொடுக்கும் முன் அறிய வேண்டியவை

எண்ணூரை அடுத்த எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு 2007 ஜனவரியில் நாடெங்கும் செய்தியானது. 2004 சுனாமியில் வாழ்வாதாரம் இழந்த மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் வறுமையால் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். பேசிய தொகை முழுதாகக் கைக்கு வரவில்லை என்றும் உடல் பலவீனமாகிவிட்டது என்றும் அவர்கள் கூறினார்கள்.

புரோக்கர்கள் சொல்வதுபோல ஒரு சிறுநீரகத்தை எடுப்பது அவ்வளவு எளிதான காரியம் அல்ல. அதற்குச் செல்லும் ரத்தக்குழாய்களைப் பற்றித் தெரிந்துகொண்டாலே இது நமக்கு விளங்கும்.

வழக்கமான அமைப்பு

இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருந்தமனி, வயிற்றுப் பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொரு கிளையைத் தருகிறது. இவையே சிறுநீரகத் தமனிகள். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், இவற்றின் வழியாகச் செல்கிறது.

ஆளுக்கு ஆள் மாறும்

எல்லோருக்கும் பக்கத்துக்கு ஒரு தமனிதான் இருக்கும் என்பதில்லை. சுமார் நான்கில் ஒருவருக்கு ஒரு பக்கத்திலாவது கூடுதல் தமனி இருக்கும். சிலருக்குத் தமனி ஒன்றாகவே புறப்பட்டு, சிறுநீரகத்தை அடையும் முன்பே கிளை பிரிந்துவிடும்.

இது நோயல்ல, பிறவி அமைப்பு. கருவில் சிறுநீரகம் இடுப்புப் பகுதியில் உருவாகி மெல்ல மேலே ஏறுகிறது. ஏற ஏறப் புதிய தமனிகள் தோன்றி, பழையவை மறைகின்றன. மறையாமல் நின்றுவிட்டவையே கூடுதல் தமனிகள்.

பெரும்பாலோருக்கு இதனால் தொந்தரவு இல்லை. சிலருக்கு மட்டும் சிறுநீரகத்தின் கீழ்முனைக்குச் செல்லும் தமனி சிறுநீர்ப் பாதையை அழுத்தும். அப்போது சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கி, விலாப்பக்கம் வலிக்கும்.

அறுவை சிகிச்சையில் ஏன் முக்கியம்?

ஒவ்வொரு தமனியும் சிறுநீரகத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே ரத்தம் தருகிறது. ஒன்று அடைபட்டால் மற்றொன்று அதன் வேலையை ஏற்காது; அந்தப் பகுதி செயலிழந்துவிடும். கீழ்முனைத் தமனி சேதமானால் சிறுநீர்க்குழாயும் பாதிக்கப்பட்டு, மாற்றுச் சிகிச்சைக்குப் பின் சிறுநீர் கசியக்கூடும்.

அதனால்தான் தானம் தருபவருக்கு முன்னதாகவே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, எத்தனை தமனிகள், எங்கே பிரிகின்றன என்று பார்க்கிறார்கள். பொதுவாக இடது சிறுநீரகத்தையே தேர்ந்தெடுப்பார்கள். அதன் சிரை நீளமானது, இணைப்பது எளிது. இடப்பக்கம் தமனிகள் அதிகமாக இருந்தால் வலப்பக்கத்தையும் யோசிப்பார்கள். கூடுதல் தமனி இருந்தாலே தானம் செய்யக் கூடாது என்பதில்லை. தேர்ந்த மருத்துவர்கள் இரண்டு தமனிகளை ஒன்றாக இணைத்தும் பொருத்துகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ன்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2011-ல் திருத்தப்பட்ட பின் இதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. புரோக்கருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் இது பொருந்தும்.

நம் குடும்பத்தில் ஒருவர் தானம் தர முன்வந்தால், மருத்துவரிடம் இவற்றைக் கேட்போம்: இரு பக்கமும் எத்தனை தமனிகள் உள்ளன? எந்தச் சிறுநீரகத்தை எடுக்கப் போகிறீர்கள், ஏன்? மீதமிருக்கும் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா? பிற்காலத்தில் எப்போதெல்லாம் பரிசோதனைக்கு வர வேண்டும்?

ஸ்கேன் அறிக்கையின் நகலையும் வாங்கி வைப்போம். கடன் நெருக்கடியைச் சொல்லி யாரேனும் அணுகினால், அந்தக் குடும்பத்தைத் தனியே விடாமல் நாம் துணை நிற்போம்.