வெட்டப்பட்ட நேரமும் வெட்டிய சட்டகமும்: கண்டிக் கலைகளும் தொடக்ககால வணிகத் தொலைக்காட்சியும்

கண்டிய நடனத்தைச் சில நிமிட வேடிக்கையாகக் குறுக்கியது தொலைக்காட்சிதான் என்ற குற்றச்சாட்டு ஆய்வரங்குகளில் திரும்பத் திரும்ப எழுகிறது. அதன் பின்னுள்ள கவலை நியாயமானது. காலவரிசை மட்டும் அதற்கு இடம்தரவில்லை. அந்தக் குறுக்கம் தொலைக்காட்சிக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. தொலைக்காட்சி செய்த வேலை வேறு. அதை அடையாளம் காண முதலில் இந்தப் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும்.

கண்டிய நடனத்தின் வெஸ் ஆட்டம் கொஹொம்ப கங்காரிய என்னும் இரவு முழுவதும் நீளும் சடங்குக்கு உரியது. 1880களில் ஜெர்மானியக் காட்சி வணிகர் கார்ல் ஹாகன்பெக் இலங்கைக் கலைஞர்களை ஐரோப்பாவின் காட்சித் திடல்களுக்கு அழைத்துச் சென்றபோதே ஆட்டம் சடங்கிலிருந்து கழற்றப்பட்டது. 1934இல் பேசில் ரைட் இயக்கிய 'சாங் ஒஃப் சிலோன்' படத்தில் கண்டி நகரை ஒட்டிய நித்தவெல ஊர் ஆட்டக்காரர்கள் தோன்றினார்கள். படத்துக்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. விளம்பரப் பணத்தில், கமராவுக்கு ஏற்றபடி, சில நிமிடங்களுக்குக் கண்டிய ஆட்டம் பதிவானது தொலைக்காட்சிக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னர்.

வணிகத்தின் வாடையே படாத இடத்திலும் இதே கத்தரிப்பு நடந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகம மரபிலிருந்து 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். அடுத்த பத்தாண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) என்பன அந்த முயற்சியின் பேறுகள். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட வடமோடியும் தென்மோடியும் படச்சட்ட மேடையில் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கின. அதனால் கூத்து அழியவில்லை. புதிய உயிரே பெற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே நேரத்தைக் குறைப்பது மட்டுமே ஒரு கலைக்குக் கேடு என்று வாதிடுவது கடினம்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து, 1979 ஏப்ரல் 13இல் சுயாதீனத் தொலைக்காட்சி சேவை தனியார் முயற்சியாகத் தொடங்கியது. இரண்டு மாதம் நிறையுமுன், யூன் 5இல், அரசு அதைக் கையேற்றது. கொழும்பை அண்டிய பகுதிக்கே எட்டிய அந்த அலை மலைகள் சூழ்ந்த கண்டிக்கு உரியதாக இருக்கவில்லை. 1982 பெப்ரவரி 15இல் யப்பானிய உதவியுடன் ரூபவாகினி பிறந்து, நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையிலிருந்து ஒளிபரப்பியபோதுதான் மலைநாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது என்று சொல்லலாம். ரூபவாகினி அரசுக் கூட்டுத்தாபனம். ஆயினும் விளம்பரமும் அனுசரணையும் அதன் நிகழ்ச்சி நிரலோடு பிணைந்திருந்தன. 'வணிகத் தொலைக்காட்சி' என்று நான் இங்கே குறிப்பது உரிமையாளரை வைத்தல்ல, இந்தப் பிணைப்பை வைத்தே.

இந்தப் பிணைப்பு எப்படி இயங்குகிறது என்பதற்கு அமெரிக்க அனுபவம் நல்ல சான்று. அங்கே தொடக்கத்தில் செவ்வியல் கலைக்குப் பணம் தர ஆளிருந்தது. மெனோட்டியின் 'அமாஹல்' இசைநாடகத்தை என்.பி.சி. நிறுவனமே எழுதுவித்து 1951 நத்தார் முன்னிரவில் ஒளிபரப்பியது. ஃபோர்ட் அறக்கட்டளை ஆதரவில் நடந்த 'ஒம்னிபஸ்' நிகழ்ச்சியில் 1955இல் அலி அக்பர் கான் சரோட் வாசித்தார். 'வொய்ஸ் ஒஃப் ஃபயர்ஸ்டோன்' இசை நிகழ்ச்சியின் கதைதான் முக்கியமானது. அனுசரணையாளர் தொடர்ந்து பணம் தரத் தயாராக இருந்தும் 1954இல் என்.பி.சி. அதற்குரிய நேரத்தை மறுத்தது. அடைக்கலம் கொடுத்த ஏ.பி.சி. 1959இல் நிறுத்தியது. குறைந்த பார்வையாளரைக் கொண்ட நிகழ்ச்சி தன் முன்னும் பின்னும் வரும் நிகழ்ச்சிகளின் பார்வையாளரையும் கலைத்துவிடுகிறது என்பதே காரணம். கலையைத் தள்ளியது பணம் கொடுத்தவரின் கையன்று, நிரலில் பக்கத்தில் இருந்த நிகழ்ச்சிகளின் நலன்.

இதைக் கண்டிக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு புதிர் அவிழ்கிறது. கண்டியின் எசல பெரஹெரா ஊர்வலம் மணிக்கணக்கில் நேரடியாக ஒளிபரப்பாகிறது. அதில் ஆடும் அதே கலைஞரின் அதே ஆட்டத்துக்கு ஏனைய நாள்களில் சில நிமிடமே கிடைக்கிறது. பெரஹெரா ஆண்டுக்கொரு முறை வருவது. அன்றிரவு நிரல் முழுவதும் அதற்கே விலகி நிற்கிறது, அதன் அருகில் கெடுவதற்கு வேறு நிகழ்ச்சி இல்லை. வாராந்தம் வரும் கலைக்கு அந்தச் சலுகை கிடையாது.

சட்டகத்தின் விளைவு இன்னும் நுட்பமானது. கண்டிய ஆட்டம் முழங்காலை வெளிப்புறம் மடித்து, கைகளை அகல விரித்து, இடத்தை அகலமாக ஆள்வது. கெட்ட பெரய என்னும் மேளத்தை அடிப்பவர் ஆடுபவரின் காலைப் பார்த்தே அடிக்கிறார். இருவரும் சேர்ந்ததே ஆட்டம். அக்காலத்து ஏறக்குறையச் சதுரமான திரையில் இருவரையும் முழுதாக அடக்கினால் உருவம் சிறுத்துவிடும், நெருங்கினால் ஒருவர் வெளியே போவார். பெரும்பாலும் வெளியே போனவர் மேளக்காரர். அந்த மேளத்தின் இரு முகங்களும் வெவ்வேறு தோலால் ஆனவை. ஒன்று கனத்தும் மற்றது கூர்மையாகவும் ஒலிக்கும். வீட்டுப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கி கனத்த ஒலியை விழுங்கிவிட, பாதி மேளமே நேயருக்குக் கிடைத்தது. தலதா மாளிகையில் தேவாவ என்னும் பூசை வேளையில் நின்று கேட்டவருக்கு இந்த இழப்பின் அளவு விளங்கும்.

பருவ விழாவுக்கே தொலைக்காட்சி இடம்தந்தது என்ற என் விளக்கத்துக்கு ஒரு கடுமையான சோதனை உண்டு. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றி, காமன் பொட்டலில் தப்பு முழங்க மலையகத் தமிழர் நடத்தும் காமன் கூத்தும் ஆண்டுக்கொரு முறை வருவதுதான். மதன், ரதி, தூதன், வீரபத்திரன் என்று வேடங்களும் ஊர் திரண்டு பார்க்கும் காமன் தகனமும் உள்ள இந்தக் கூத்தில் கமராவுக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. பெரஹெராவுக்குத் திறந்த கதவு இதற்குத் திறக்கவில்லை. நாட்காட்டியால் மட்டும் இதை விளக்க முடியாது.

விடை நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே இருக்கிறது. பெரஹெரா அரச விழா. அதைக் காட்டுவது நாட்டைக் காட்டுவது. காமன் கூத்தை ஆடியோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டோரின் மக்கள். ரூபவாகினி தொடங்கிய 1982இல் அவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் நாடற்றோர். அந்த நிலைக்குச் சட்டத்தில் முடிவு வர 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. 1934இன் படத்துக்குப் பணம் வந்த தேயிலையைப் பறித்தவர்களும் இவர்களின் முன்னோரே. அப்படத்திலும் அவர்கள் கூத்துக்கு இடமிருக்கவில்லை. இலங்கைத் தொலைக்காட்சியின் கலை வரலாற்றை எழுதுபவர் ஒளிபரப்புப் பதிவேடுகளோடு குடியுரிமைச் சட்டங்களையும் சேர்த்து வாசித்தாக வேண்டும்.