டெல்ஃபீன் என்னும் ஆவிக்கலம்

மோட்டார்க் கார் செய்தே குபேர சம்பத்தைத் தேடிக்கொண்ட ஒருவர், தமக்கென்று உல்லாசக் கப்பலொன்றை நிர்மாணிக்க முற்பட்டபோது, எண்ணெய் எஞ்சினை ஒதுக்கிவிட்டு நீராவியையே நாடினார் என்றால் சற்று வியப்பாகத்தான் இருக்கும். டெட்ராய்ட் நகரத்து ஹோரஸ் டாட்ஜ் அப்படித்தான் செய்தார். யந்திரப் பட்டறைகளில் கை கறுக்க உழைத்து, 1903-இல் ஹென்றி போர்டின் புதிய கம்பெனிக்கு எஞ்சின் முதலான பாகங்களைச் செய்து கொடுத்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கு உரியவர்களாகி, 1914-இல் தங்கள் பெயராலேயே கார் வெளியிட்டு, 1919-இல் அந்தப் பங்குகளை இரண்டரைக் கோடி டாலருக்குப் போர்டுக்கே விற்ற சகோதரர் இருவரில் இளையவர் அவர்.

அக்காலத்து டீசல் எஞ்சின் கனமும் இரைச்சலும் மிக்கது. தனவந்தர்கள் கடலில் விலைகொடுத்து வாங்குவது நிசப்தத்தையல்லவா? மகளின் பெயரைச் சூட்டி அவர் கட்டுவித்த 258 அடி நீளமுள்ள டெல்ஃபீனுக்கு, தலா 1,500 குதிரைத்திறன் கொண்ட இரண்டு நீராவி யந்திரங்கள் அமைந்தன. கொதிகலனிலிருந்து கடும் அழுத்தத்தோடு புறப்படும் ஆவி, முதலில் சிறிய சிலிண்டரில் புகுந்து பிஸ்டனைத் தள்ளி, சற்றே தளர்ந்து விரிந்து அதனினும் பெரிய அடுத்த சிலிண்டருக்குச் சென்று, இவ்வாறு நான்கு நிலைகளில் தன் வலிமையையெல்லாம் கொடுத்துத் தீர்த்த பிறகு, குளிர்ந்து ஜலமாகி மறுபடியும் கொதிகலனுக்கே திரும்பும். மேலே டிபனி கம்பெனியாரின் அலங்காரங்கள். கீழேயோ, இத்தகைய யந்திர அறைகளில் எண்ணெய் விடுகிற ஆள், சுழலும் கிராங்கின் தாங்கி தன் பக்கம் வரும் கணத்தில் உள்ளங்கையால் அதைத் தொட்டுச் சூடு பார்ப்பான். கணம் தப்பினால் கை போய்விடும். உல்லாசக் கலங்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் விருந்தினரின் பெயர்களையெல்லாம் ஜாபிதா போட்டுவிட்டு, இவனை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அண்ணன் ஜான் 1920 ஜனவரியிலும் ஹோரஸ் அதே ஆண்டு டிசம்பரிலும் காலமானார்கள். கலம் நீரில் இறங்கியதோ 1921 ஏப்ரலில். ஹோரஸின் மனைவி அன்னாவின் உடைமையாயிருந்த அது, 1926-இல் நியூயார்க்கில் தீப்பற்றி ஹட்சன் நதியில் மூழ்க, தூக்கியெடுத்துப் புதுப்பித்தார்கள்.

இதற்கிடையே டீசல் திருந்திவிட்டது. கொதிகலன் வேண்டாம், ஆவி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம், ஆட்களும் குறைவு. 1928-இல் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் தனவந்தர் வின்சென்ட் ஆஸ்டருக்காகக் கட்டப்பட்ட நூர்மஹால் என்னும் உல்லாசக் கலம் டீசலைக் கொண்டே ஓடிற்று. ஆயினும், பொருளாதார மந்தம் உலகத்தைப் பிடித்து உலுக்கிய 1930-இல், வங்கியதிபர் ஜே. பி. மார்கனின் மகன் இறக்கிய 343 அடிக் கோர்சேர் நீராவியை விடவில்லை. அங்கே ஆவி டர்பைனைச் சுழற்றி மின்சாரத்தை உண்டாக்க, மின்சாரம் கப்பலைச் செலுத்திற்று.

1942-இல் டெல்ஃபீனை அமெரிக்கக் கடற்படை வாங்கி டான்ட்லெஸ் என்று பெயர் மாற்றியது. பெரும்பாலும் வாஷிங்டன் துறையில் கட்டியே கிடந்த அக்கப்பலில்தான் அட்மிரல் எர்னஸ்ட் கிங் யுத்த காலத்தில் வசித்தார். பிற்காலத்தில் கை பல மாறிப் பழுதடைந்து, 2003-இல் புதுக்கோலத்தோடு மொனாக்கோவில் மறுபடியும் டெல்ஃபீன் என்று பெயர் சூட்டிக்கொண்டபோதும், அதைச் செலுத்தியவை 1921-இல் பொருத்திய அதே இரண்டு நீராவி யந்திரங்களே.