பழமனை புதுக்குதலும் பங்காளிகள் ஒற்றுமையும்

வெம்பாக்கம் வட்டத்தைச் சார்ந்த மாமண்டூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் இருத்தலை நம்மவருட் பலர் நேரிற் கண்டிருப்பர். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து என்னும் நான்குமின்றிக் கோயில் எடுப்பித்த செய்தியை அம்மன்னன் மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பொறித்துள்ளான். ஏழாம் நூற்றாண்டின் அக்குடைவரைகள் இன்றும் நிற்கின்றன. மக்கள் குடியிருக்கும் இல்லங்களோ, அவன் விலக்கிய அந்நான்கு பொருள்களாலேயே ஆவன. செங்கல் உதிரும்; மரத்தைச் செல்லரிக்கும்; இரும்பு துருவேறும்; சாந்து கரையும். ஆதலின் தலைமுறைதோறும் புதுக்கினாலன்றி வீடு நிலைபெறாது.

புதுக்குதற்கு வேண்டுவது யாதெனின், பொருள் என்றே பலரும் கூறுவர். ஆயின், பொருள் மிகப் படைத்திருந்த ஒரு சமூகத்தாரின் வரலாறு, பொருளோடு வேறிரண்டும் வேண்டுமென நமக்கு உணர்த்துகின்றது. அவை தொழிலறிவும், பங்குடையோர் ஒற்றுமையுமாம். அச்சமூகத்தார் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின், ஐராவதி ஆற்றுப் படுகையின் நெல் ஐரோப்பியச் சந்தைகளுக்குப் பெருகிச் சென்றது. அந்நிலங்களைத் திருத்திய உழவர்க்குக் கடனுதவியோருள் தலைசிறந்தோர் நகரத்தாரே. இரங்கூனிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதியைத் தத்தம் ஊர்களில் மாளிகைகளாக அவர்கள் நிலைநிறுத்தினர். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர் முதலிய ஊர்களில் தெருவுக்குத் தெரு நீண்ட அவ்வீடுகள் இன்றும் காணத்தகும். தேக்குமரம் பர்மாவிலிருந்தும், சலவைக்கல் இத்தாலியிலிருந்தும் வந்தன. ஆயினும் அவற்றை ஒன்றாக இணைத்த கைத்திறன் நம் நாட்டுக் கொத்தருடையதும் தச்சருடையதுமேயாம்.

அவ்வீடுகளின் சுவர்ப்பூச்சினை ஈண்டு எடுத்துக்காட்டுவோம். நன்கு நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கூட்டிப் பலமுறை பூசி, மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவைச் சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். அச்சுவர் பளிங்கெனப் பளபளக்கும். வெயிற்காலத்திற் குளிர்ச்சியும் தரும். தரைக்கு வேண்டிய ஓடுகள் ஆத்தங்குடியிற் செய்யப்பட்டன. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சினை வைத்து வண்ணக் குழம்பை வார்த்து, அதன்மேற் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்தெடுப்பது அவ்வூரார் தொழில்முறை.

இனி, அவர்தம் உரிமைமுறையை நோக்குவோம். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சூழ்ந்த அறைகளில் மணமான ஆண்மக்கள் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்று உண்டு. புதுமணமக்களைச் சில காலத்திற்குப்பின் தனிச் சமையலில் இருத்துதலை 'வேறு வைத்தல்' என்பர். அடுப்பு வேறாயினும் கூரை ஒன்றே. மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிட்டுக் கோயிலுக்குப் புள்ளிவரி தண்டுதலும் அவர் மரபு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களே அச்சமூகத்தாரை ஒன்றுகூட்டும் இடங்களாம். யாருடைய பங்கு எவ்வளவு, யார் எங்கு இருக்கின்றார் என்பன ஏட்டிலும் இருந்தன; பங்காளிகளின் நினைவிலும் இருந்தன.

காலம் மாறிற்று. 1930-ஐ ஒட்டி நெல்விலை வீழ்ச்சியுற்றது. கடன்பட்டோர் பணம் செலுத்த இயலாமையால் நிலத்தையே கொடுத்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 ஏக்கராக இருந்த அவர்தம் உடைமை, 1938-இல் நூற்றுக்கு 25 ஏக்கராக உயர்ந்தது. அவ்வுயர்வு வளர்ச்சியன்று, முதல் முழுவதும் நிலத்திற் சிக்குண்டதற்கு அறிகுறியே. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது பலர் கணக்கேடுகளோடு தாயகம் திரும்பினர். பர்மா விடுதலை பெற்ற 1948-இலேயே நில நாட்டுடைமைச் சட்டமும் பிறந்தது. கடல்கடந்த வருவாய் வற்றவே, மாளிகைகளைப் பேணும் ஆற்றலும் குன்றிற்று.

வறுமையினும் பெருங்கேடு விளைத்தது பங்குப்பெருக்கமாம். மூன்று நான்கு தலைமுறைக்குள் ஒரே வீட்டிற்குப் பற்பலர் உரியராயினர். அவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் பிற ஊர்களிலும் பரவினர். ஓடு பெயர்ந்தால் மாற்றுதற்கு ஒருவர் இசைந்து மற்றொருவர் மறுப்பின், மழை அவ்விருவர்க்கும் காத்திராது. இவ்வாறு சீர்குலைந்த வீடுகளில் தூண் வேறு, கதவு வேறு, நிலை வேறு எனப் பிரித்து விற்கப்பட்டன பல. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளில் அவற்றை இன்றும் காணலாம்.

எனினும் எல்லா வீடுகளும் அழிந்தில. பங்காளிகள் ஒருமனப்பட்ட இடங்களில் வீடுகள் உயிர்த்தெழுந்தன. காரைக்குடியில் 1999-இல் 'பங்களா' என்னும் விருந்தினர் விடுதி தொடங்கப்பெற்றது. கானாடுகாத்தானில் 'விசாலம்' என்னும் மாளிகையும் விடுதியாயிற்று. கொத்தமங்கலத்துச் 'சாரதா விலாசம்' பிரெஞ்சு நாட்டுக் கட்டிடக் கலைஞர் இருவரால் செப்பனிடப்பட்டது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்வகை வேலைகளால் சுண்ணாம்புப் பூச்சறிந்த கொத்தரும் ஆத்தங்குடி ஓட்டுத் தொழிலாளரும் மீண்டும் பிழைப்புப் பெற்றனர். வீட்டைக் காத்தோர் தொழிலையும் காத்தனர் என்க.

செல்வர் மாளிகையின் கதை தறிக்குடிகளாகிய நமக்கு எற்றுக்கு என நேயர்கள் வினவலாம். நம் வீடு வாழுமிடம் மாத்திரமன்று, தொழிற்சாலையுமாம். குழித்தறிக்குத் தரை வேண்டும். ஜக்கார்டுப் பெட்டிக்குக் கூரையுயரம் வேண்டும். பட்டிழைக்கு ஒழுக்கற்ற மேற்கூரை வேண்டும். பாவு நீட்டுதற்குத் தெருவே வேண்டும். ஒருவர் தம் வாயிற்படியைத் தெருவில் நீட்டிக் கட்டினால், அவ்வரிசையார் அனைவரும் பாவு நீட்ட இடர்ப்படுவர். ஆகவே நம் வீடு புதுக்குதல் தனியொருவர் காரியமாகாது.

பழஞ்சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆயவை. ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையவை. அவற்றின்மேற் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், சில ஆண்டுகளிற் பூச்சு கழன்று விழும். சிக்கனம் கருதிச் செய்த வேலை இருமடங்கு செலவாய் முடியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஊரில் எவர் உளர் என்பதை இன்றே கேட்டறிந்து, இளைஞரை அவரிடம் பழக்குவித்தல் நம் கடன். அவர் மறைந்தபின் அவ்வறிவை எப்பொருள் கொடுத்தும் பெறுதல் அரிது.

உரிமைச் செய்தியிலும் விழிப்பு வேண்டும். உயில் எழுதாது ஒருவர் இறந்து, அவர்தம் வீடு முதல்வகுப்பு வாரிசுகள் பலர்க்கு இறங்கியவிடத்து, அவருள் ஒருவர் தம் பங்கை விற்க முற்பட்டால், அதனை வாங்கும் முன்னுரிமையை ஏனையோர்க்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அளிக்கின்றது. தரகரிடம் செல்லுமுன் உடன்பிறந்தாரிடம் செல்லுதல் அன்புக்கு மாத்திரமன்றிச் சட்டத்திற்கும் ஒத்ததாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் பிறப்புரிமையுண்டென, 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-இல் மத்தியத் திருத்தமும் வகுத்தன. எனவே ஆடவர் மாத்திரம் திண்ணையிற் கூடி முடிவெடுக்கும் வழக்கம் இனிச் செல்லாது. புகுந்த வீட்டிலுள்ள சகோதரியையும் அழைத்து, அவர் கருத்தையும் கேட்டு, செலவும் பங்கும் எழுத்தில் வைத்துக் கையொப்பமிட்ட பின்னரே கரணையைக் கையிலெடுத்தல் நன்று.

நம் சங்கத்தார் ஊர்தோறும் கொத்தர், தச்சர், ஓடு வேய்வோர், பத்திரம் எழுதுவோர் பெயர்களை ஓர் ஏட்டிற் குறித்து வைப்பராயின், அது பெருந்தொண்டாகும். அவ்வேடு இருப்பின், ஓட்டைக் கூரையோடு தனித்துத் துயருறும் விதவைத் தாயும் அதனைப் பார்த்து ஆள் அழைக்க இயலும். ஐப்பசி மழைக்கு முன்னர் அவ்வேடு நம் ஊர்களில் எழுதப்படுவதாக.