முப்பது அறுவைகள், முப்பது நோயாளிகள்

சிறுநீரக மாற்றில் தேர்ச்சி பெற அமெரிக்காவில் இரண்டு ஃபெலோஷிப்கள் உண்டு. ஐந்தாண்டுப் பொது அறுவைப் பயிற்சியை முடித்த அறுவை மருத்துவருக்கு இரண்டு ஆண்டுகள். பொது மருத்துவத்தில் மூன்றாண்டும் சிறுநீரக மருத்துவமான நெஃப்ராலஜியில் இரண்டாண்டும் முடித்து வருபவருக்கு ஓராண்டு. ஃபெலோஷிப் வழியாக ஒரு மாற்று மையத்தின் முதன்மைப் பொறுப்பை ஏற்க வேண்டுமானால், அந்நாட்டு உறுப்புப் பகிர்வு அமைப்பின் விதிகள் இருவரிடமும் 30 என்ற எண்ணையே கேட்கின்றன. அறுவை மருத்துவர் 30 சிறுநீரக மாற்றுகளில் தலைமையாகவோ முதல் உதவியாளராகவோ நின்றிருக்க வேண்டும். நெஃப்ராலஜிஸ்ட், புதிதாகச் சிறுநீரகம் பெற்ற 30 பேரைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் கவனித்திருக்க வேண்டும்.

அறுவைப் பயிற்சியின் பலன் கண்ணெதிரே தெரியும். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்தைப் பனிக்குழம்பில் வைத்து, சுற்றியுள்ள கொழுப்பை வெட்டி நீக்குகிறார் ஃபெலோ. கசியக்கூடிய சிறு கிளைகளைக் கட்டுகிறார். வலது சிறுநீரகமானால் சிரை குட்டை. கீழ்ப்பெருஞ்சிரையின் துண்டைக் கொண்டு அதை நீட்ட வேண்டிவரும். பிறகு அடிவயிற்றின் ஓரத்தில் சிரையோடு சிரையையும் தமனியோடு தமனியையும் தைக்கிறார். கிளாம்ப்பை எடுத்த சில நொடிகளில், வெளிறிக் கிடந்த உறுப்பு சிவந்து விறைக்கும். தையலில் பிழை இருந்தால் பெரும்பாலும் அந்த மேசையிலேயோ அடுத்த சில நாட்களுக்குள்ளோ தெரிந்துவிடும். உடன் நிற்கும் ஆசான் திருத்துவார். நள்ளிரவில் வேறு ஊருக்குப் போய் உறுப்பை எடுத்து வருவதும் இதில் சேர்த்தி. உடலை முறிக்கும் பயிற்சிதான், ஆனால் செய்ததன் விளைவைக் காணக் காத்திருக்க வேண்டியதில்லை.

நெஃப்ராலஜிஸ்டின் பாடு வேறு. ஆறாவது வாரம் வந்த நோயாளியின் இரத்தத்தில், சிறுநீரகம் தளர்ந்தால் கூடும் கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.7-க்கு ஏறியிருக்கிறது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றியதாலா? நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு கூடியதாலா? உடல் உறுப்பை நிராகரிக்கிறதா? மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் பி.கே. வைரஸா? நிராகரிப்பு என்றால் எதிர்ப்புத்திறனை இன்னும் அடக்க வேண்டும். வைரஸ் என்றால் மருந்தைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிறுநீரகமே போய்விடலாம். வேறொரு மருத்துவர் பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் எழுதித் தந்திருந்தால் டாக்ரோலிமஸ் ஏறும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கியிருந்தால் சரிந்துவிடும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதும், பயாப்ஸி ஸ்லைடை நோய்க்குறியியல் மருத்துவரோடு உட்கார்ந்து பார்ப்பதும்தான் அந்த ஓராண்டின் சாரம் என்பேன்.

அந்த ஓராண்டு எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தபோது, அவரோடு ஜான் மெரில் என்ற சிறுநீரக மருத்துவரும் இருந்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதால் நிராகரிப்பைத் தடுக்க மருந்தே தேவைப்படவில்லை; அறுவையே பெரும் சவாலாக இருந்தது. அதன்பின் தையல் முறை அடிப்படையில் அதிகம் மாறவில்லை. மருந்துகளும் எதிர்ப்பொருள் சோதனைகளும் பன்மடங்கு பெருகிவிட்டன. அறுவை ஃபெலோக்களில் பலர் அதே இரண்டாண்டில் கல்லீரல் மாற்றும் கற்கிறார்கள், நெஃப்ராலஜிப் படிப்பிலும் மாற்றுச் சிகிச்சை கொஞ்சம் வருகிறது. இவற்றைக் கணக்கில் கொண்டாலும், பெருகிய சுமைக்கு ஓராண்டு ஈடாகாது.

அதைவிடப் பெரிய குறை மூன்று மாதக் கணக்கு. ஃபெலோ குறைத்த மருந்தளவு சரியா தவறா என்பது, சில ஆண்டுகள் கழித்து எதிர்ப்பொருள்கள் உருவாகித் திசுவில் வடு படரும்போதுதான் புலப்படும். அப்போது அவர் வேறெங்கோ வேலையில் இருப்பார். பயிற்சியில் பழைய நோயாளிகளையும் பார்த்திருப்பார், உண்மை. ஆனால் அவர்களுக்கு முதலில் மருந்து தீர்மானித்தவர் அவரல்ல.

காலத்தை நீட்டப் பணம் வேண்டும், இடம் வேண்டும். வேறு இரண்டை இன்றே தொடங்கலாம். மாற்று நடந்து பத்தாண்டு ஆனவர்களின் கோப்புகளைக் கொடுத்து, முதல் வாரத்து டாக்ரோலிமஸ் அளவிலிருந்து கடைசி பயாப்ஸி வரை ஃபெலோவை வரிசையாகப் படிக்கச் சொல்லலாம். அவர் கவனித்த அந்த 30 பேரின் நிலையை, அடையாளம் மறைத்து, மையமே ஆண்டுதோறும் அவருக்கு எழுதியனுப்பலாம்.