ஒக்லஹோமா வழக்கும் ஓசூர் கபடியும்

இந்த எபிசோட் ஒரு ஆபீஸ் கால்ல ஆரம்பிச்சது. எனக்கு வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில, வீடு ஓசூர்ல. எங்க டீமோட அமெரிக்க மேனேஜர் ஒருநாள் செம கடுப்புல இருந்தார். என்னன்னு கேட்டா, அவர் படிச்ச காலேஜோட ஃபுட்பால் மேட்ச் டிவியிலேயே வரலையாம். பீக்காக்னு ஒரு ஆப்ல மட்டும்தான் வந்ததாம், அதுக்கு தனியா சந்தா கட்டணுமாம். ஏற்கெனவே மூணு ஆப்புக்கு கட்டுறாராம். "என் காலேஜ் மேட்ச்சை நான் பார்க்க இன்னும் எத்தனை பேருக்குத்தான் காசு கொடுக்கிறது?"ன்னு புலம்பினார்.

அதே வாரம் என் ஃப்ரெண்ட் ஒருத்தன், சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்க்கிறவன், கேன்டீன்ல உட்கார்ந்து போன்ல ஒரு கபடி மேட்ச் பார்த்துட்டு இருந்தான். அவன் தங்கச்சி ஆடுற இன்டர்-காலேஜ் மேட்ச். அவளோட கிளாஸ்மேட் ஒரு பொண்ணு டிரைபாட்ல போனை மாட்டி யூடியூப்ல லைவ் போட்டுட்டு இருந்தா. கமென்ட்ரி தமிழ்ல ஆரம்பிச்சு, டென்ஷன் ஏறினா தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தாவும். ஓசூர்ல அது ஒண்ணும் அதிசயம் இல்ல.

இந்த ரெண்டு பேரும் ஏன் ரெண்டு வேற உலகத்துல இருக்காங்கன்னு தேடினப்போ, நான் போய் நின்னது ரெண்டு கோர்ட் வழக்குல.

முதல்ல அமெரிக்கா. அங்க காலேஜ் ஃபுட்பால் முதல்முதலா டிவியில வந்தது 1939 செப்டம்பர் 30. ஃபோர்டாம், வேன்ஸ்பர்க்னு ரெண்டு காலேஜ். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1940-லேயே தன்னோட ஹோம் மேட்ச்சுகளை டிவியில காட்ட ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் காலேஜ்களுக்கு ஒரு பயம். வீட்டுலயே பார்க்க முடிஞ்சா மைதானத்துக்கு எவன் டிக்கெட் வாங்கிட்டு வருவான்? 1951-ல என்.சி.ஏ.ஏ.ங்கிற காலேஜ் விளையாட்டு அமைப்பு கடிவாளம் போட்டுச்சு. டிவியில வரப்போறது எந்த மேட்ச், எத்தனை மேட்ச்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு. பென்சில்வேனியா எதிர்த்துப் பார்த்துச்சு. உங்களோட யாரும் ஆட மாட்டாங்கன்னு மிரட்டல் வந்ததும் அடங்கிடுச்சு.

இந்தக் கடிவாளம் முப்பது வருஷத்துக்கு மேல இருந்தது. அது எவ்வளவு விசித்திரமா வேலை செஞ்சதுன்னு தீர்ப்புலேயே ஒரு உதாரணம் இருக்கு. 1981-ல ஒரு வாரக்கடைசி. ஒக்லஹோமாவும் தெற்கு கலிஃபோர்னியாவும் மோதின மேட்ச் 200-க்கும் மேற்பட்ட டிவி ஸ்டேஷன்கள்ல வருது. சிட்டாடல், அப்பலாச்சியன் ஸ்டேட்னு இன்னொரு மேட்ச் நாலே நாலு ஸ்டேஷன்ல வருது. நாலு காலேஜுக்கும் கிடைச்சது ஒரே தொகை! ஒக்லஹோமாவும் ஜார்ஜியாவும் கோர்ட்டுக்குப் போச்சு. 1984 ஜூன் 27-ஆம் தேதி அமெரிக்க உச்சநீதிமன்றம் 7-2 கணக்குல, இந்தக் கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. எதிர்த்து எழுதின நீதிபதி பைரன் வைட் யாரு தெரியுமா? கல்லூரி காலத்துல அவரே நாடறிஞ்ச ஃபுட்பால் ஸ்டார். காலேஜ் ஆட்டத்தை வெறும் வியாபாரமா பார்க்கக் கூடாதுன்னு அவர் வாதம். நான் முதல்ல சிரிச்சேன். பின்னாடி நடந்ததைப் படிச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு.

இப்போ இங்க வருவோம். எங்க வீட்டு மாடியில ஆன்டெனா பெங்களூர் பக்கம் திரும்பி நிக்கும்னு அப்பா சொல்லுவார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வர்றது தூர்தர்ஷன்தான், அது வேற விஷயம். 1993-ல வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையை நடத்துது, ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு விக்குது. ஒளிபரப்புங்கிறது எங்க தனி உரிமைன்னு அரசாங்கம் பிடிச்ச பிடில நிக்குது. ஆதாரம்? 1885-ல பிரிட்டிஷ்காரன் போட்ட தந்திச் சட்டம்! ஃபைனல்ல கும்ளே 12 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்த அதே டோர்னமென்ட்தான். விக்கெட் ஒரு பக்கம் விழ, வழக்கு இன்னொரு பக்கம் ஓடுச்சு. 1995 பிப்ரவரி 9-ஆம் தேதி உச்சநீதிமன்றம் சொன்னது: அலைவரிசை பொதுச்சொத்து, அரசாங்கம் அதுக்கு முதலாளி இல்ல. இதுல பலரும் மறக்கிற பாதி ஒண்ணு இருக்கு. தனியாருக்கும் அது சொந்தமில்ல, பொதுநலன் பார்க்கிற சுதந்திரமான அமைப்பு ஒண்ணு அதை நிர்வகிக்கணும்னும் அதே தீர்ப்பு சொல்லுது.

ரெண்டு நாட்டுலயும் பூட்டு உடைஞ்சது. ஆனா பணம் போன வழி வேற. அமெரிக்காவுல காலேஜ்களுக்குப் போச்சு. இங்க கிரிக்கெட்டுக்கு. 2022-ல ஐ.பி.எல்.லோட அஞ்சு வருஷ டிஜிட்டல் உரிமை மட்டும் 20,500 கோடி ரூபாய்க்குப் போச்சு. நம்ம காலேஜ் விளையாட்டுக்கு வரலாறு இல்லாம இல்ல. பல்கலைக்கழக கிரிக்கெட்டுக்கான ரோஹிண்டன் பாரியா கோப்பை 1935-லேயே வந்தாச்சு. வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், அஷ்வின் எஸ்.எஸ்.என்., கும்ளே பெங்களூர் ஆர்.வி. காலேஜ். இவங்க காலேஜ் மேட்ச் ஆடினதை மைதானத்துல இருந்தவங்களைத் தவிர யாரும் பார்த்ததில்ல.

நான் அவங்க பக்கத்துலகூட வர மாட்டேன், ஆனாலும் சொல்றேன். 2015-ல அண்ணா பல்கலை ஜோனல் கபடியில எங்க காலேஜ் ஃபைனல் போச்சு. நான் ரிசர்வ். செகண்ட் ஹாஃப்ல இறக்கிவிட்டாங்க, ரெண்டு பாயின்ட் எடுத்தேன். அப்பாவுக்கு அன்னைக்கு பி ஷிப்ட். வீடியோ கிடையாது, மங்கலா ஒரு குரூப் போட்டோ இருக்கு. அப்போ 1 ஜிபி டேட்டா 200 ரூபாய்க்கு மேல, லைவ் போடணும்னு எவனுக்குத் தோணும்? ஜியோ வந்தது 2016 செப்டம்பர் 5. ஒரு வருஷம் லேட்.

டேட்டா மலிவானதும்தான் நம்ம பக்கம் காட்சி மாறுது. 2020-ல புவனேஸ்வர்ல கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி முதல்முறை நடந்தது. ரெண்டாவது 2022-ல நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூர்ல, ஜெயின் பல்கலைக்கழகத்துல. ஆனா என் ஃப்ரெண்ட் தங்கச்சி ஆடுற பெரியார் பல்கலைக்கழக அளவிலான போட்டிக்கு எந்த சேனலும் கேமரா அனுப்பாது. அங்க ஸ்ட்ரீமிங்னா ஒரு போன், ஒரு டிரைபாட், ஒரு பவர் பேங்க். பார்க்கிறவங்க வீட்டு ஆளுங்க, பழைய ஸ்டூடன்ட்ஸ், ஷிப்ட்ல இருக்கிற அண்ணன்.

அமெரிக்கா எங்க போய் நின்னுச்சுன்னும் சொல்லிடறேன். 1915-ல தொடங்கின பேக்-12ங்கிற மேற்குக்கரை காலேஜ் கூட்டமைப்பு, ஒளிபரப்பு ஒப்பந்தம் தேடி அலைஞ்சு, 2023-ல ஆப்பிள் கிட்ட போய் நின்னுச்சு. எத்தனை பேர் சந்தா கட்டுறாங்களோ அதுக்கேத்த மாதிரி பணம்னு ஆப்பிள் சொன்னது. ஒப்பந்தம் கையெழுத்தாகல. ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குத் தாவிடுச்சு. பன்னிரண்டு காலேஜ் இருந்த இடத்துல கடைசியில மிச்சம் ரெண்டு. பக்கத்து ஊர்க்காரங்க பலர் டிவி டீலுக்காக வேற வேற லீக்குக்குப் பிரிஞ்சாங்க. மேற்குக்கரைப் பசங்க இப்போ லீக் மேட்ச் ஆட நியூ ஜெர்சி வரைக்கும் ஃப்ளைட் ஏறுறாங்க. வைட் சொன்னது இந்த இடத்துலதான் எனக்கு உறைச்சது. ஆனா பழைய கடிவாளமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். அது இருந்திருந்தா அந்த நாலு ஸ்டேஷன் மேட்ச் மாதிரி நூறு மேட்ச் வெளியே தெரிஞ்சிருக்காது.

நம்ம கபடியில இப்போதைக்குப் பணம் இல்ல, அதனால சண்டையும் இல்ல. வந்தா, அந்த வீடியோ யாருக்குச் சொந்தம்? காலேஜுக்கா, பல்கலைக்கழகத்துக்கா, டிரைபாட் பிடிச்ச பொண்ணுக்கா, இல்ல பாடிப் போன ஏழு பேருக்கா? ஒரு பேப்பர்லயும் எழுதி வைக்கல. என் ஓட்டு பாடிப் போன பிள்ளைகளுக்கும் டிரைபாட் பொண்ணுக்கும்தான்.

அந்த மேட்ச் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கடைசி ரெய்டு, ஒரு பாயின்ட் பின்னாடி. தங்கச்சிதான் ரெய்டர். கோட்டைத் தாண்டி ரெண்டு எட்டு வைக்கிறா, ஸ்ட்ரீம் கட்! டிரைபாட் பொண்ணோட போனுக்கு அவங்க அம்மாகிட்ட இருந்து கால் வந்திருக்கு, "எங்கடி இருக்க?"ன்னு. கேன்டீன்ல என் ஃப்ரெண்ட் கத்தினதுக்கு சூப்பர்வைசர் ஓடி வந்துட்டார். ரிசல்ட் தெரிய அவனுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் திரும்பியிருக்கா, ஜெயிச்சாச்சு. அந்த ரெய்டு எந்த வீடியோலயும் இல்ல. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, ஹால்ல டீப்பாயை ஓரமா தள்ளி வெச்சுட்டு, அப்பாவுக்கு ஒரு தடவை, ஷிப்ட் முடிச்சு வந்த அண்ணனுக்கு ஒரு தடவைன்னு முழுசா ஆடிக் காட்டினாளாம்.