பஞ்ச்குலா 1990, பாரிமுனை 2021: புகார் எழும்போது களம் என்ன செய்கிறது?

விளையாட்டில் அதிகாரம் உள்ள ஒருவர் மீது ஒரு சிறுமி புகார் சொன்னால், பிறகு நடப்பதை எல்லாம் காவல் நிலையமும் நீதிமன்றமும் மட்டுமே தீர்மானிப்பதில்லை. கூடப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், சங்கம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை அளந்து பார்க்க இரண்டு நிகழ்வுகளை இங்கே அருகருகே வைக்கிறேன். ஒன்று 1990இல் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் நடந்தது. மற்றது 2021இல் சென்னையில் வெளிவந்தது. இடையில் 31 ஆண்டுகளும் ஒரு முக்கியமான சட்டமும் இருக்கின்றன. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இந்த ஒப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன்.

இரண்டு நிகழ்வுகள்

ருச்சிகா கிர்ஹோத்ராவுக்கு அப்போது 14 வயது. டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். ஹரியானா காவல்துறையின் உயர் அதிகாரி எஸ்.பி.எஸ். ராத்தோர்தான் ஹரியானா லான் டென்னிஸ் சங்கத்தின் தலைவர். அவர் அன்றாடப் பயிற்சி தருபவர் அல்ல. ஆனால் யாருக்கு எந்தப் பயிற்சி என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தார். ருச்சிகாவை வெளிநாடு அனுப்ப எண்ணியிருந்த தந்தையிடம், இங்கேயே சிறப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னார். 1990 ஆகஸ்ட் 12 அன்று, தன் வீட்டிலேயே இயங்கிய சங்க அலுவலகத்தில் அச்சிறுமியிடம் முறைகேடாக நடந்துகொண்டார். இது பின்னர் நீதிமன்றத்தில் உறுதியான உண்மை.

சென்னை நிகழ்வு 2021 மே மாத இறுதியில் வெளிவந்தது. கே.கே. நகர் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதத் தொடங்கிய வாரம் அது. அந்த அலையில்தான் தடகள வீராங்கனைகளும் பேசினார்கள். பாரிமுனைப் பகுதியில் பயிற்சி அளித்துவந்த பி. நாகராஜன் மீது 19 வயது வீராங்கனை ஒருவர் புகார் கொடுத்தார். பூக்கடை அனைத்து மகளிர் காவல் நிலையம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தது. தசைப்பிடிப்புக்குச் சிகிச்சை என்ற பெயரில் அத்துமீறல் நடந்தது, எதிர்த்தால் மிரட்டல் வந்தது, அவர் சிறுமியாக இருந்தபோதே தொடங்கிப் பல ஆண்டுகள் இது நீடித்தது என்பவை குற்றச்சாட்டுகள். கைதுக்குப் பிறகு வேறு பெண்களும் புகாரோடு வந்தார்கள்.

ஒன்று குற்றம் நிரூபணமான வழக்கு. மற்றதை நான் குற்றச்சாட்டாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஆகவே இரண்டு மனிதர்களை ஒப்பிடுவது என் வேலை அல்ல. அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் நடந்துகொண்ட விதமே இங்கே பேசுபொருள்.

பேச எடுத்துக்கொண்ட காலம்

முதல் வேறுபாடு நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. சட்டமும் விழிப்புணர்வும் குறைவாக இருந்த 1990இல் புகார் சில நாட்களிலேயே வெளியே வந்தது. கைப்பேசி, சமூக ஊடகம், தனிச் சட்டம் எல்லாம் இருந்த காலத்துச் சென்னையில் அது வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின.

காரணத்தைச் சிறுமிகளின் துணிச்சலில் தேடக் கூடாது. அவர்கள் நின்ற இடம் வேறு. பஞ்ச்குலாவில் ருச்சிகாவோடு தோழி ஆராதனாவும் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தார். தோழியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சம்பவம் நடந்தது. திரும்பி வந்த தோழி கண்ணால் பார்த்துவிட்டார். ஆக, சொல்வதை நம்ப முதல் நாளிலேயே ஓர் ஆள் இருந்தார். அடுத்த அழைப்பு வந்ததும் இரு பெண்களும் பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, ருச்சிகாவின் எதிர்காலம் முழுக்க ராத்தோரின் கையில் இல்லை.

தடகளத்தில் நிலைமை அப்படியல்ல. நீண்டகாலம் ஒரே கோச்சிடம் ஓடும் பெண்ணுக்கு அவர்தான் எல்லாம். எந்த மீட்டுக்குப் போவது, எந்தப் போட்டியில் ஓடுவது, அடிபட்டால் எப்போது திரும்புவது என எல்லாம் அவர் சொல்வதுதான். மாவட்ட அளவில் ஜெயித்தால் மாநிலம். மாநிலத்தில் மெடல் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம். பிறகு ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை. தமிழக அரசு வேலைகளிலேயே விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கடன் வாங்கி ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்கு அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் கோச்சின் கை தெரிகிறது. பெண் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால், “சார் ஸ்ட்ரிக்ட்தான், ஆனா ரிசல்ட் வருதே” என்று வீடே பதில் சொல்லிவிடும். உடம்பைத் தொட்டுத் திருத்துவது பயிற்சியின் இயல்பான பகுதி என்பதால், எது பயிற்சி, எது அத்துமீறல் என்று பதிமூன்று வயதில் பிரித்துச் சொல்வதும் கடினம்.

எனவே பயிற்சியாளர் மீதான புகார் தாமதமாக வருவதைச் சந்தேகத்துக்குக் காரணமாக்குவது தவறு. அவரை அந்தப் பிள்ளை எவ்வளவு சார்ந்திருந்தாள் என்பதற்கான அளவுகோல் அந்தத் தாமதம்.

புகாரைப் பெற்றுக்கொண்டவர்கள்

வாய் திறந்த பிறகு படம் தலைகீழாகிறது. பஞ்ச்குலாவில் பெற்றோரும் குடியிருப்பினரும் உடனே திரண்டு மனு கொடுத்தார்கள். அன்றைய காவல்துறைத் தலைவர் ஆர்.ஆர். சிங் விசாரித்து, 1990 செப்டம்பர் 3 அன்று, வழக்குப் பதியலாம் என்று அறிக்கையும் தந்தார். வழக்கு மட்டும் பதியப்படவில்லை. அதே மாதம், கட்டணம் தாமதம் என்ற காரணம் காட்டி ருச்சிகாவைப் பள்ளி நீக்கியது. பிறகு அவருடைய அண்ணன் மீது கார் திருட்டு வழக்குகள் அடுத்தடுத்துப் போடப்பட்டன. 1993 டிசம்பரில் ருச்சிகா தற்கொலை செய்துகொண்டார். ராத்தோரோ பதவி உயர்ந்து மாநிலக் காவல்துறையின் தலைவராகவே ஆனார்.

உயர் நீதிமன்றம் தலையிட்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகு 1999 டிசம்பரில்தான் முதல் தகவல் அறிக்கை வந்தது. 2009 டிசம்பர் 21 அன்று தீர்ப்பு: 6 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். 2010இல் மேல்முறையீட்டில் தண்டனை 18 மாதமானது. 2016இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. ஆனால் அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தையே போதுமான தண்டனையாகக் கொண்டது.

சென்னையில் புகார் கொடுத்ததும் வழக்கும் கைதும் சில நாட்களுக்குள் நடந்தன. பாதிக்கப்பட்ட மற்றவர்களும் முன்வரலாம் என்று காவல்துறையே அழைத்தது. புகார் கொடுத்தவர்களின் பெயர்கள் வெளிவரவில்லை. பஞ்ச்குலாவில் 9 ஆண்டு பிடித்த முதல் படி இங்கே ஒரு வாரத்தில் முடிந்தது. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு உரியது.

சட்டம் மாற்றியதும் மாற்றாததும்

ருச்சிகா காலத்தில் இருந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு. அப்போது அதிகபட்சத் தண்டனையே 2 ஆண்டுதான். போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும். நம்பிக்கைக்கு உரிய பொறுப்பில் இருப்பவரே குற்றம் செய்தால் அதைக் கடுமையான குற்றமாகக் கொள்கிறது. முடிந்தவரை பெண் காவல் அதிகாரியே, சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். வளர்ந்த பிறகு புகார் கொடுக்கவும் காலத்தடை இல்லை. இவற்றையெல்லாம்விடக் களத்தைச் சேர்ந்தவர்கள் அறிய வேண்டியது 19, 21 பிரிவுகளை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. நிறுவனத்தை நடத்துபவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. “பொண்ணு பேர் கெட்டுடும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்” என்று பெற்றோரைச் சமாதானப்படுத்தும் அகாடமி உரிமையாளர், நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டே குற்றம் செய்கிறார்.

18 வயது கடந்த பெண்களுக்கு 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அச்சட்டம் விளையாட்டு நிறுவனம், அரங்கம், பயிற்சி நடக்கும் இடம் எல்லாவற்றையும் பணியிடம் என்றே வெளிப்படையாகச் சொல்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு.

இத்தனை இருந்தும் சட்டம் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. புகாருக்குப் பிறகு வரும் காலத்தை அது சுருக்கியது. புகாருக்கு முந்தைய காலத்தை அதனால் சுருக்க முடியவில்லை. பாரிமுனை காட்டுவது அதைத்தான். இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களில் பத்தாண்டுகளில் பதிவான 45 பாலியல் துன்புறுத்தல் புகார்களில் 29 பயிற்சியாளர்கள் மீதானவை என்று 2020இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சி எடுக்கும் அரசு அமைப்பில் பத்தாண்டுக்கு 45 என்பது குற்றம் குறைவு என்பதற்குச் சான்றாகாது. சொன்னவர்கள் குறைவு என்றே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

துணை நின்றவர்கள்

இரண்டு நிகழ்வுகளும் ஒன்றுபடும் இடமும் உண்டு. எதிலும் சங்கமோ நிறுவனமோ முதலில் அசையவில்லை, தனிமனிதர்கள்தான் அசைத்தார்கள். பஞ்ச்குலாவில் தோழியின் பெற்றோர் ஆனந்த் பிரகாஷ், மது பிரகாஷ் இருவரும் சொந்த மகளுக்கு நேராத ஒரு குற்றத்துக்காக இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். தோழி சாட்சிக்கூண்டில் உறுதியாக நின்றார். சென்னையில் முதலில் பேசிய ஒருத்திக்குப் பின்னால் மற்றவர்கள் வந்து நின்றார்கள். அவளுடைய சொல் தனிச்சொல்லாக நின்றுவிடாமல் காத்தது அதுதான்.

களத்துக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு பிள்ளை புகார் சொன்னதும் மற்ற பெற்றோர் தம் பிள்ளையை அவளோடு பேசவிடாமல் ஒதுக்கினால், ருச்சிகாவை நீக்கிய பள்ளி செய்த வேலையைத்தான் அவர்களும் செய்கிறார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் என்ன என்று கேட்பதும் நியாயமே. விசாரணை முடியும்வரை அவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பது தண்டனை ஆகாது. அவர் மீது பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவரைத் தண்டிக்கவும் போக்சோவில் பிரிவு உண்டு. எனவே தீர்ப்பை நீதிமன்றத்துக்கு விடலாம். கோச்சை ஆதரித்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, வாட்ஸப் குழுவில் புகார் கொடுத்த பெண் யாரென்று ஊகிப்பது இரண்டும் தீர்ப்புக்கு முன்பே களம் எழுதும் தீர்ப்புகள்.

தென்புறநகருக்கு

சென்னையின் தெற்கே விளையாட்டு வேகமாக வளர்ந்திருக்கிறது. மேலக்கோட்டையூரில் உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகம். வேளச்சேரியில் நீச்சல் வளாகம். இவற்றோடு பள்ளி மைதானத்தையும் மொட்டை மாடியையும் வாடகைக்கு எடுத்து நடக்கும் ஓட்டம், சிலம்பம், கராத்தே, ஸ்கேட்டிங், பாட்மின்டன் வகுப்புகள். பாரிமுனையில் கேள்வி எழுந்ததும் இப்படித் தனியாக நடத்தப்பட்ட பயிற்சியில்தான். இந்த வகுப்புகளில் கோச்சே உரிமையாளர், கோச்சே கட்டணம் வாங்குபவர், கோச்சே பிசியோ. அவரைப் பற்றி அவரிடமேதான் புகார் சொல்ல வேண்டும்.

கதவுகள் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. 1098 எண்ணில் எந்நேரமும் பிள்ளையே பேசலாம். செங்கல்பட்டில் போக்சோ சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. கதவு வரை பிள்ளை வந்துசேர அகாடமிக்குள் வழி இல்லை என்பதுதான் குறை.

இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்து நான் வரும் முடிவு இது: பஞ்ச்குலாவின் தோல்வியை நாடு சட்டம் போட்டு ஓரளவு சரிசெய்தது, பாரிமுனை காட்டிய தோல்வியை ஒவ்வொரு மைதானமும்தான் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. கோச்சுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, புகார் கேட்பவராக நியமித்து அவருடைய கைப்பேசி எண்ணை மைதானத்தில் எழுதி வைக்கலாம். சிகிச்சையும் மசாஜும் தனியறையில் இல்லாமல், இன்னொருவர் முன்னிலையில் மட்டுமே நடக்க வேண்டும். வெளியூர் மீட்டுக்குப் போகும் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். மைதானத்தை வாடகைக்கு விடும் பள்ளி, ஒப்பந்தத்திலேயே இவற்றை எழுதி வாங்க வேண்டும்.

அடுத்த மாதக் கட்டணம் கட்டப் போகும்போது உங்கள் அகாடமியில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “கோச் மேலேயே புகார்னா, என் பொண்ணு யார்கிட்ட சொல்லணும்?” பதிலாக ஒரு பெயரும் எண்ணும் வராவிட்டால், கிடைக்கும்வரை கட்டணத்தை நிறுத்தி வையுங்கள்.