வண்டிக்கு அடியில் படுத்தவன்

மாங்காட்டில் காடு இருப்பது பெயரில் மட்டுந்தான். பக்கத்துத் திருவேற்காட்டின் கதையும் அதேதான். சோழர் காலத்தில் இந்தச் சீமைக்குப் புலியூர்க் கோட்டம் என்று பெயர். இப்போது அந்தப் புலியையும் கல்வெட்டில்தான் தேட வேண்டும். ஆனால் வெயில் மட்டும் எங்கும் போய்விடவில்லை. அம்பிகை ஐந்து அக்கினிக்கு நடுவே ஒற்றைக் கால் விரலை ஊன்றித் தவம் செய்த ஊர் அல்லவா இது? அவள் காஞ்சிக்குச் சென்ற பிறகும் அந்த வெம்மை தணியாமல் ஊர் வாடியது என்றும், ஆதிசங்கரர் வந்து ஸ்ரீசக்கரம் நிறுவித்தான் அதைக் குளிரச் செய்தார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். கத்திரி நாட்களில் பூவிருந்தவல்லி சாலையில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த ஐதிகத்தை நம்புவதில் சிரமம் இராது.

அந்தச் சாலையில் அடிக்கடி ஒரு விநோத வாகனம் போகும். செம்பரம்பாக்கத்துப் பக்கம் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் நட்சத்திரங்களுக்காகச் செல்லும் கேரவன் வண்டி அது. உள்ளே கட்டில், கண்ணாடி, குளியலறை, குளிர்சாதனம் எல்லாம் உண்டு. ஒரு சின்ன வீட்டையே சக்கரத்தின்மேல் தூக்கி வைத்தது போலிருக்கும். இதே மாதிரி வண்டியில் குடும்பத்தோடு காட்டோரம் போய்த் தங்கி, ஜன்னல் வழியே மானையும் யானையையும் பார்க்கலாம் என்ற ஆசையும் இப்போது நம்மவர்களிடையே பரவி வருகிறது. பக்கத்துக் கேரளம் 2021இல் இதற்கென்று ஒரு திட்டமே அறிவித்தது.

இது என்னவோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு கோடையில் காட்டுக்குள் போகும் ஆசைக்கு நம் சென்னையிலேயே இருநூறு வருஷத்துச் சரித்திரம் உண்டு.

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமய்யர் 1830 மே 18ஆம் தேதி தண்டையார்பேட்டையிலிருந்து காசி யாத்திரை புறப்பட்டார். தேதியைக் கவனியுங்கள், நடுக் கத்திரி! குடும்பத்தார், பரிவாரம் எல்லாம் சேர்த்துக் கூட வந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். பல்லக்கும் கூடாரமும் சமையல் பாத்திரமுமாக ஒரு வீதியே எழுந்து நடந்தது என்று சொல்லலாம். திருப்பதி, அகோபிலம், ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி என்று போய், அலகாபாத் வழியாகக் காசியை அடைந்து, 1831 செப்டம்பரில் அவர் ஊர் திரும்பினார். தங்கிய இடம், தண்ணீர் வசதி, கடையில் கிடைக்கும் சாமான் என்று ஒன்று விடாமல் தெலுங்கில் குறித்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு 1838இல் அது புத்தகமாக வந்தது. இந்தியர் ஒருவர் எழுதிய பழைய யாத்திரை நூல்களில் இன்றைக்கும் ருசி குறையாதது அது.

ஸ்ரீசைலத்துக்குப் போகும் வழியில் நல்லமலைக் காடு இருக்கிறது. இன்று நாட்டிலேயே பரப்பில் மிகப் பெரிய புலிகள் காப்பகம் அங்கேதான். அந்தக் காட்டு வழியில் பல்லக்குக்கு உள்ளே இருப்பவருக்குத் திரை உண்டு, திண்டு உண்டு. பல்லக்கைத் தோளில் சுமந்தவர்களுக்கு என்ன இருந்தது? வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்தால் முன்னால் ஒருவன் தீவட்டி பிடிக்க வேண்டும். புலி வந்தால் அது முதலில் பார்ப்பது அவனைத்தான். சரித்திரத்தில் யாத்திரை செய்தவர் பெயர் நிற்கிறது. தீவட்டி பிடித்தவன் பெயர் நிற்கவில்லை.

ஐம்பது வருஷம் கழித்து, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத ஒரு பிரெஞ்சு நாவலாசிரியர் இதே ஆசையை இயந்திரமாக்கினார். ஜூல் வெர்ன் 1880இல் வெளியிட்ட நாவல் ஒன்றில், இரும்பினால் செய்த நீராவி யானை ஒன்று இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு வங்காளத்திலிருந்து இமயமலை அடிவாரம்வரை போகிறது. கதை நடப்பது 1867இல். பிரயாணம் தொடங்குவது மே மாதத்தில். துரைமார்கள் முன் வண்டியில் சொகுசாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஐம்பது புலி சுட்டுவிட வேண்டும் என்ற லட்சியம்! பின் வண்டியில் சமையலறையும் வேலையாட்களும். பிற்பாடு வழியில் காட்டு யானைக் கூட்டம் மறித்து மோதுகிறது. அப்போது கழற்றிவிடப்படுவது எந்த வண்டி என்கிறீர்கள்? பின் வண்டிதான். ஆட்கள் பிழைத்துக்கொள்கிறார்கள், சமையலறை போகிறது. அதன் பலனாகத் துரைமார்களும் பட்டினி கிடக்கிறார்கள். கற்பனைக் கதைதான். ஆனாலும் நாவலாசிரியர்கள் சில சமயம் தாங்கள் அறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

1885இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், உல்லாசப் பிரயாணத்துக்கென்றே ஒரு வண்டி வீடு செய்வித்தார். பெயர் 'வாண்டரர்', அதாவது நாடோடி. இன்றைய கேரவன்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். இரண்டு டன் கனம், இழுக்க இரண்டு குதிரை. டாக்டரின் பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆக, நாடோடி என்று பெயர் வைத்துக்கொண்ட வண்டிக்குக்கூடக் கட்டியம் கூற ஓர் ஆள் வேண்டியிருந்தது!

சீமைக் கதை எதற்கு? என் பாட்டி சிறு பெண்ணாக இருந்தபோது மயிலாப்பூரிலிருந்து மாங்காட்டுக்குக் கூண்டு மாட்டு வண்டியில் வருவார்களாம். சுமார் பன்னிரண்டு மைல். கோடையானால் சாயங்காலம் கிளம்பி, நடுவழியில் தோப்பு ஒன்றில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, விடியற்காலம் மறுபடி பூட்டுவார்கள். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துப் பெண்களும் குழந்தைகளும் படுப்பார்கள். கட்டுச்சாதக் கூடை தலைமாட்டில். ராத்திரி நரி ஊளையிடும். பாட்டி பயந்து அவளுடைய அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாளாம்.

"நரி வண்டிகிட்ட வராதா பாட்டி?" என்று கேட்டேன்.

"எப்படிடா வரும்? அடியிலேதான் வண்டிக்காரன் படுத்திருப்பானே!" என்றாள்.

அச்சில் ஒரு லாந்தர் தொங்கும். அதன் கீழே கோணியை விரித்து அவன் கிடப்பான். பாம்பு வந்தாலும் நரி வந்தாலும் மாடு மிரண்டாலும் எழுந்திருக்க வேண்டியவன் அவன். மாடுகள் இரண்டையும் பாட்டிக்குக் கடைசி வரையில் ஞாபகம் இருந்தது. ஒன்று செவலை, ஒன்று மயிலை. வண்டிக்காரன் பெயரைக் கேட்டேன். "வண்டிக்காரன்னுதான் கூப்பிடுவா" என்றாள். பாட்டி ஈரமுள்ள மனுஷி. எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போட்டவள். அப்படிப்பட்டவளுக்கே அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இது ஒருத்தியுடைய குறையல்ல, அந்தக் காலம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

காலம் மாறிவிட்டதா? முதுமலைக்குப் போய்ப் பாருங்கள். 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. கோடை வந்தால் புல் காய்ந்து சருகாகிக் காட்டுத் தீ அபாயம் தொடங்கும். நாம் ஜீப்பில் உட்கார்ந்து யானை தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிற அந்த மாதங்களில்தான், தீத்தடுப்புக் கோடு வெட்டவும், புகை தெரிகிறதா என்று கண்காணிக்கவும், வேட்டைக்காரர்களைத் தடுக்கவும் ஆட்கள் கால்நடையாகக் காட்டுக்குள் அலைகிறார்கள். அவர்களில் பலர் அந்த மலையிலேயே பிறந்த பழங்குடி மக்கள். நாம் பத்திரமாகத் திரும்பி வந்து, "யானை பார்த்தோம்!" என்று சொல்லிக்கொள்கிறோம். நமக்காக யானையின் தடம் பார்த்தவர்களைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

சொகுசு வண்டி கூடாது என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. வெயிலில் குளிர்ச்சியைத் தேடுவது பாவமும் இல்லை. இருநூறு வருஷத்துக் கதையைப் புரட்டியதில் எனக்குப் பட்டது ஒன்றுதான்: நகரும் வீடு எதுவானாலும் அதற்கு வெளியே ஒருவன் விழித்திருக்கிறான். பல்லக்கு போய் மாட்டு வண்டி வந்தது, மாட்டு வண்டி போய் மோட்டார் வந்தது. உள்ளே இருப்பவரின் படுக்கை ஒவ்வொரு தலைமுறையிலும் மெத்தென்று ஆகிக்கொண்டு வந்தது. வெளியே இருப்பவனின் கோணியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

யாரும் என்று சொல்வதும் சரியல்ல. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தாளிகளை ஏற்றி வரும் கார் டிரைவர்கள் படுத்து உறங்க இடமும், அவர்களுக்குக் கழிப்பறையும் தங்கும் விடுதிகளில் இருக்க வேண்டும் என்று விதித்தது. பத்திரிகையில் சின்னச் செய்திதான். ஆனால் கொசுக்கடியில் ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்துத் தூங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை நீங்கள் குடும்பத்தோடு காட்டுக்கோ மலைக்கோ கிளம்பும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வண்டி ஓட்டுகிறவரின் பெயரைப் புறப்படும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு அவர் எங்கே படுப்பார் என்பதையும் நீங்கள் படுக்கப் போகுமுன் விசாரித்துவிடுங்கள். இதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் வேண்டியதில்லை.